'அப்பாவுக்கு ஹார்ட் ஃபெயிலியர்'னு டாக்டர் சொன்னதும்... கோவிலூர் வீட்டில் நாங்கள் கற்றுக்கொண்ட எடைக்கணக்கு!

தினமும் காலை ஆறே முக்காலுக்கு என் போனில் ஒரு மெசேஜ் வரும். கோவிலூரிலிருந்து அப்பா அனுப்புவார். பூ படம் போட்ட குட்மார்னிங் எல்லாம் கிடையாது. வெறும் ஓர் எண். இன்று வந்தது '61.4'. நேற்று '61.2'. பதிலுக்கு ஒரு கட்டைவிரலைத் தட்டிவிட்டு நான் வேலைக்குக் கிளம்புவேன்.

அது அப்பாவின் உடல் எடை. இரண்டு வருடங்களுக்கு முன்பு அவருக்கு 'ஹார்ட் ஃபெயிலியர்' என்று மருத்துவர் சொன்னார். முதல் நான்கு மாதங்களுக்குள் இரண்டு முறை ஆஸ்பத்திரியில் படுத்தார். அதற்குப் பிறகு ஒருமுறைகூடப் படுக்கவில்லை. மாத்திரைகள் ஒரு காரணம் என்றால், இந்த எண் இன்னொரு காரணம். இதைக் கற்றுக்கொள்வதற்குள் நாங்கள் நிறையத் தப்பு செய்தோம். அதே தப்புகளை நீங்களும் செய்ய வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

'வயசாயிடுச்சுல்ல ஆத்தா!'

காரைக்குடியை ஒட்டிய ஊர் கோவிலூர். கொற்றவாளீஸ்வரர் கோயிலும் வேதாந்த மடமும்தான் எங்கள் ஊரின் அடையாளம். அப்பா முப்பது வருடம் மளிகைக் கடை வைத்திருந்தவர். அரிசி மூட்டையைத் தனியாளாகத் தூக்கி அடுக்குவார். அப்படிப்பட்டவர், கடையிலிருந்து வீட்டுக்கு நடந்து வருவதற்குள் இரண்டு இடத்தில் நிற்க ஆரம்பித்தார். கேட்டால், 'வயசாயிடுச்சுல்ல ஆத்தா' என்பார். அப்போது அவருக்கு வயது 63.

ஒரு தலையணை இரண்டானது, இரண்டு மூன்றானது. பிறகு கட்டிலையே விட்டுவிட்டுச் சாய்வு நாற்காலியில் தூங்கினார். நடுராத்திரி இருமிக்கொண்டே எழுந்து, முற்றத்தில் காற்றுக்காக உட்கார்ந்திருப்பார். சாயங்காலமானால் செருப்பு வார் பாதத்தில் அழுந்திப் பதிந்தது. இரண்டு இட்லியிலேயே வயிறு நிறைந்துவிட்டது என்றார். 'எல்லாம் கேஸ்தான்' என்று அம்மா ஓமத்தண்ணீர் வைத்துக் கொடுத்தார். ஒரு கிளினிக்கில் நெஞ்செரிச்சலுக்கு மாத்திரை கொடுத்தார்கள். சென்னையிலிருந்து நானும் சிங்கப்பூரிலிருந்து அண்ணனும் வீடியோ காலில் அவர் முகத்தைத்தான் பார்த்தோம். காலைக் காட்டச் சொல்லிக் கேட்கவில்லை.

இவை எல்லாமே ஒரே நோயின் அறிகுறிகள் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. நடந்தால் மூச்சு வாங்குவது, மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுவது, தூங்கி ஓரிரு மணி நேரத்தில் மூச்சுத்திணறி விழிப்பது, கால் வீக்கம், வயிறு உப்பிப் பசியில்லாமல் போவது, காரணமில்லாத அசதி... இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்து வந்தால் 'வயசு' என்று ஒதுக்காதீர்கள். தலையணை எண்ணிக்கை கூடுகிறதா என்பதை மட்டுமாவது கவனியுங்கள்.

தை மாதத்தில் ஒருநாள் ராத்திரி, அவரால் ஒரு வாக்கியத்தைக்கூட முழுதாகப் பேசி முடிக்க முடியவில்லை. அம்மா 108-க்கு அடித்தார். பிறகு மதுரையில் ஒரு மருத்துவமனையில் ஆறு நாள் இருந்தார். சிறுநீராக நீர் வெளியேறியதில் அவருடைய எடை ஐந்து கிலோ இறங்கியது. அவர் குண்டாகிறார் என்று நாங்கள் சந்தோஷப்பட்ட எடை அது.

நின்றுபோகவில்லை, களைத்துப்போயிருக்கிறது

'ஹார்ட் ஃபெயிலியர்' என்றதும் அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். இதயம் நின்றுபோகிறது என்றே நாங்கள் எல்லோரும் புரிந்துகொண்டோம். தமிழில் 'இதயச் செயலிழப்பு' என்று சொல்வதும் அதே பயத்தைத்தான் தருகிறது. மாரடைப்பு என்பது இதயத் தசைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைபடுவது. இதயச் செயலிழப்பில் இதயம் துடித்துக்கொண்டுதான் இருக்கும். ஆனால், உடலுக்குத் தேவையான அளவு ரத்தத்தை அதனால் தள்ள முடியாது, அல்லது தளர்ந்து சரியாக நிரம்ப முடியாது. ரத்தம் குறைவாக வருவதைப் பார்த்து, சிறுநீரகம் உப்பையும் நீரையும் பிடித்து வைத்துக்கொள்ளும். அந்த நீர்தான் நுரையீரலில் சேர்ந்து மூச்சை அடைக்கிறது. காலில் இறங்கி வீங்குகிறது.

மாரடைப்பு, பல வருட உயர் ரத்த அழுத்தம், சர்க்கரை நோய், வால்வு கோளாறு, மதுப்பழக்கம், சில வைரஸ் தொற்றுகள், சில புற்றுநோய் மருந்துகள் எனக் காரணங்கள் பல. பிரசவத்தை ஒட்டிச் சில பெண்களுக்கும் வரலாம். அப்பாவுக்கு, வலி தெரியாமலேயே வந்துபோன ஒரு பழைய மாரடைப்பும், 'தலைசுத்தல் இல்லையே' என்று அவராகவே நிறுத்திய பி.பி மாத்திரையும் சேர்ந்து செய்த வேலை.

எக்கோ ரிப்போர்ட்டில் 'எஜெக்‌ஷன் ஃபிராக்‌ஷன் 32 சதவிகிதம்' என்று இருந்தது. 'பாஸ் மார்க் 35-கூட வரலையே' என்று அம்மா அழுதார். இது நூற்றுக்கு வாங்கும் மார்க் கிடையாது. இதயத்தின் இடது கீழறையில் நிரம்பும் ரத்தத்தில், ஒரு துடிப்பில் எத்தனை சதவிகிதம் வெளியே போகிறது என்ற அளவு. ஆரோக்கியமான இதயத்திலேயே 50 முதல் 70 சதவிகிதம்தான் போகும். 40-ம் அதற்குக் கீழும் இருந்தால் பம்ப் செய்யும் திறன் குறைந்துவிட்டது என்று அர்த்தம். இந்த எண் சரியாக இருந்தும் இதயச் செயலிழப்பு வரலாம் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். சிகிச்சையில் இந்த எண் ஏறவும் செய்யலாம்.

'எனக்குத்தான் சுகரே இல்லையே?'

டிஸ்சார்ஜ் சீட்டில் இருந்த மாத்திரைகளைப் பார்த்து அப்பா கேட்ட முதல் கேள்வி இது. டபாகிளிஃப்ளோசின் என்ற சர்க்கரை நோய் மாத்திரை அதில் இருந்தது. நல்லவேளை, மருத்துவரிடமே கேட்டுவிட்டார். சர்க்கரை நோய் இல்லாத இதயச் செயலிழப்பு நோயாளிகளுக்கும் இந்த மருந்து பலன் தருகிறது என்று 2019-ல் வெளியான பெரிய ஆய்வு நிரூபித்தது.

எஜெக்‌ஷன் ஃபிராக்‌ஷன் குறைந்தவர்களுக்கு இன்று நான்கு வகை மருந்துகள் அடிப்படை. இதயத்தின் படபடப்பைக் குறைத்து ஓய்வு கொடுக்கும் பீட்டா பிளாக்கர்கள், ரத்தக்குழாயைத் தளர்த்தி இதயத்தின் சுமையைக் குறைக்கும் சகுபிட்ரில்-வல்சார்டான் போன்றவை, ஸ்பைரோனோலாக்டோன் வகை, நான்காவது, அப்பா கேட்ட அந்த மாத்திரை. ஸ்பைரோனோலாக்டோன் ஒன்றே, கடுமையான இதயச் செயலிழப்பு உள்ளவர்களிடம் இறப்பை 30 சதவிகிதம் குறைத்தது என்று 1999-லேயே ஓர் ஆய்வு காட்டியது.

இவற்றோடு, தேங்கிய நீரை இறக்க ஃப்யூரோசமைடு, டோர்செமைடு போன்ற 'நீர் மாத்திரை'. இதைப் போட்டால் உடனே மூச்சு லேசாகும். மற்ற நான்கும் அப்படி உடனே எதையும் காட்டாது. மெதுவாக, மாதக்கணக்கில் வேலை செய்யும். அதனாலேயே பலர் அவற்றை நிறுத்திவிடுகிறார்கள். நன்றாக இருப்பதே அந்த மாத்திரைகளால்தான் என்பதை மறந்துவிடுகிறோம்.

நான் போலீஸ் ஆன கதை

அப்பா வீட்டுக்கு வந்ததும் ஒரு மாதம் லீவு போட்டுவிட்டு கோவிலூர் போனேன். முதல் நாளே ஊறுகாய் ஜாடி, அப்பளக் கட்டு, மோர் மிளகாய், அம்மா பத்திரமாக வைத்திருந்த உப்புக்கண்டம் எல்லாவற்றையும் தெருவில் கொடுத்தேன். நெட்டில் படித்ததைப் பிரின்ட் எடுத்து ஃபிரிட்ஜில் ஒட்டினேன். அப்பா தண்ணீர்ச் செம்பைத் தொட்டால், 'எத்தனாவது கிளாஸ்?' என்று கேட்டேன். கடைக்குப் போகக் கூடாது என்று சாவியை வாங்கி வைத்துக்கொண்டேன். சென்னைக்குத் திரும்பிய பிறகும் தினமும் இரண்டு வேளை போன். 'மாத்திரை போட்டீங்களா?' 'போட்டாச்சு ஆத்தா.' 'உப்பு?' 'இல்லவே இல்லை.'

மூன்றாவது மாதம் தேவகோட்டையில் ஒரு சொந்தக்காரர் கல்யாணம். மூன்று நாள் தங்கினார். நான்காவது நாள் ராத்திரி மறுபடியும் அதே மூச்சுத்திணறல். அதே மருத்துவமனை.

நடந்தது என்ன என்று பொறுமையாகக் கேட்டவர் வார்டில் இருந்த ஒரு நர்ஸ். பஸ்ஸில் அவசரமாகச் சிறுநீர் வந்தால் என்ன செய்வது என்று நீர் மாத்திரையை மூன்று நாளும் விட்டிருக்கிறார். 'இப்ப நல்லாத்தானே இருக்கு' என்று மற்ற மாத்திரைகளையும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறார். மூன்று நாள் விருந்து. இடையில் முழங்கால் வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் ஒரு வலி மாத்திரை வாங்கிப் போட்டிருக்கிறார். மாத்திரையை விடுவது, உப்பு, வலி நிவாரணி... இதயச் செயலிழப்பு நோயாளியை ஆஸ்பத்திரிக்குத் திருப்பி அனுப்பும் மூன்று காரணங்களும் ஒரே கல்யாணத்தில் கூடிவிட்டன. டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகள் உடலில் உப்பையும் நீரையும் தேக்கும் என்பது எங்களுக்குத் தெரியாது. நீர் மாத்திரையைப் பயண நாளில் எத்தனை மணிக்குப் போடலாம் என்று மருத்துவரிடம் கேட்டு மாற்றிக்கொள்ள முடியும் என்பதும் தெரியாது.

'ஏன்ப்பா என்கிட்ட பொய் சொன்னீங்க?' என்று கேட்டேன்.

'உண்மையைச் சொன்னா நீ திட்டுவ. உங்கம்மா அழுவா. எதுக்குன்னு விட்டுட்டேன்' என்றார்.

அந்த பதிலை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை. அவரைப் பார்த்துக்கொள்கிறேன் என்ற பெயரில், அவர் உண்மை பேச முடியாத ஒரு வீட்டை உண்டாக்கி வைத்திருந்தேன்.

பேரேடு கைமாறியது

டிஸ்சார்ஜ் அன்று அந்த நர்ஸ் என்னிடம் எதுவும் சொல்லவில்லை. அப்பாவிடம் மட்டும் பேசினார். ஒரு லிட்டர் நீர் உடம்பில் தங்கினால் எடை ஒரு கிலோ கூடும், கால் வீங்குவதற்கும் மூச்சு வாங்குவதற்கும் முன்னாலேயே தராசு காட்டிக்கொடுத்துவிடும் என்று விளக்கினார். அப்பாவுக்குச் சட்டென்று பிடிபட்டது. 'அப்ப இது இருப்புக் கணக்குதானே? சரக்கு வந்துச்சா, போச்சான்னு பாக்குறது' என்றார். முப்பது வருடம் தராசோடு வாழ்ந்தவர்!

வீட்டுக்கு வந்ததும் கடை நோட்டு ஒன்றை எடுத்துக் கோடு போட்டார். தேதி, எடை, பி.பி, கால் வீக்கம், மாத்திரை, குறிப்பு. நான் எழுதவில்லை. அவரே எழுதுகிறார்.

எடை பார்ப்பதற்கு முறை இருக்கிறது. காலையில் எழுந்து சிறுநீர் கழித்த பிறகு, எதுவும் சாப்பிடும் முன், ஏறக்குறைய ஒரே மாதிரி உடையில், ஒரே மெஷினில், சமமான தரையில் பார்க்க வேண்டும். ஒரே நாளில் ஒரு கிலோவுக்கு மேலோ, மூன்று நாளில் இரண்டு கிலோவுக்கு மேலோ கூடினால் அன்றே மருத்துவரிடம் பேச வேண்டும். அப்படிக் கூடினால் நீர் மாத்திரையை எவ்வளவு, எத்தனை நாள் கூட்டுவது என்று அப்பாவின் மருத்துவர் சீட்டில் எழுதியே கொடுத்திருக்கிறார். உங்கள் வீட்டிலும் இப்படி எழுதி வாங்குங்கள். நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

கோடை வெயிலில் அதிகம் வியர்த்தாலோ, வாந்தி, பேதி வந்தாலோ எடை சட்டென்று இறங்கும், தலைசுற்றும். அப்போதும் மருத்துவரைக் கேளுங்கள். தண்ணீர் அளவும் அப்படித்தான். எல்லோருக்கும் கட்டுப்பாடு தேவையில்லை. நான் செம்பை எண்ணியதெல்லாம் மருத்துவர் சொல்லாத வேலை.

செட்டிநாட்டு அடுப்பில் உப்பு

உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு, ஒரு நாளைக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பு. ஒரு டீஸ்பூனுக்குள் முழு நாளும் அடங்க வேண்டும். ஊறுகாய், வத்தல், கருவாடு, அப்பளம், பேக்கரி ஐட்டம், கடை நொறுக்குத்தீனி என எல்லாமே இந்தக் கணக்கில் வரும். தண்ணீரில் போட்டால் பொங்கும் செரிமானத் தூளிலும் சோடியம் உண்டு. இந்துப்பும் பெரும்பாலும் அதே சோடியம் குளோரைடுதான்.

'சோடியம் குறைந்த உப்பு' வாங்கிக் கொடுக்கலாம் என்று அண்ணன் சொன்னார். கேட்காமல் வாங்காதீர்கள். அதில் பொட்டாசியம் இருக்கும். ஸ்பைரோனோலாக்டோன் போன்ற மாத்திரைகளே ரத்தத்தில் பொட்டாசியத்தை ஏற்றக்கூடியவை. இரண்டும் சேர்ந்தால் இதயத் துடிப்பே தடம்புரளலாம். ரத்தத்தில் பொட்டாசியம், கிரியேட்டினின் அளவை அவ்வப்போது பார்க்கச் சொல்வதும் இதற்காகத்தான்.

அம்மா இதற்கு வழி கண்டுபிடித்துவிட்டார். மிளகு, சீரகம், சோம்பு, பட்டை, கல்பாசி, சின்ன வெங்காயம், பூண்டு எல்லாம் எங்கள் ஊர்ச் சமையலில் ஏற்கெனவே இருப்பவைதானே. வறுத்து அரைத்த மசாலாவும் கடைசியில் பிழியும் எலுமிச்சையும் உப்பு குறைந்ததை மறைத்துவிடுகின்றன. வீட்டில் எல்லோருக்கும் ஒரே குழம்பு. 'அவருக்குத் தனிச்சட்டி' இருந்தவரை அப்பா சாப்பாட்டில் முகம் சுளித்தார். எல்லோருக்கும் ஒன்றானதும் சில வாரங்களில் நாக்கு பழகிவிட்டது.

அம்மாவின் பி.பி-யை யார் பார்ப்பது?

இத்தனைக்கும் நடுவே, ராத்திரி அப்பா மூச்சு விடுவதை எண்ணிக்கொண்டே தூங்காமல் கிடந்தவர் அம்மா. அதை யாரும் கேட்கவில்லை. தமிழக அரசு 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து பி.பி, சுகர் பார்க்கிறார்கள் அல்லவா? அப்பாவைப் பார்க்க வந்தவர் அம்மாவின் கையிலும் பட்டையைச் சுற்றினார். பி.பி எகிறிக் கிடந்தது. அப்பாவின் நோய்க்கு எது வித்திட்டதோ, அதே நோய்!

இப்போது மாதத்தில் ஒரு வாரம் நான் வீட்டிலிருந்து வேலை பார்க்கிறேன். அந்த வாரம் அம்மா தன் தங்கை வீட்டுக்குப் போய்விடுவார். செக்கப் தேதி, மருந்துச் செலவு, காப்பீட்டுத் திட்டப் பேப்பர்கள் எல்லாம் அண்ணன் பொறுப்பு. தூரத்தில் இருப்பவர்களாலும் செய்ய முடிகிற வேலை இருக்கிறது.

அப்பாவுக்குக் கடைச் சாவியும் திரும்பக் கிடைத்தது. மருத்துவர் சம்மதத்தோடு தினமும் கோயில் பக்கம் மெதுவாக நடக்கிறார். நடந்துகொண்டே பேச முடிகிற வேகம் போதும். மூட்டை தூக்க ஆள் இருக்கிறார். இதயச் செயலிழப்பு உள்ளவர்களில் சுமார் ஐந்தில் ஒருவருக்கு மனச்சோர்வும் இருப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன. அப்பா பேசாமல் உட்கார்ந்திருந்த அந்த மாதங்களை இப்போது யோசித்தால், நோயைவிடச் சாவி பிடுங்கப்பட்டதுதான் அவரை அதிகம் வாட்டியது என்று தோன்றுகிறது.

'எவ்வளவு நாள் இருப்பேன்?'

ஒருநாள் அப்பாவே மருத்துவரிடம் கேட்டார். நான் பேச்சை மாற்றப் பார்த்தேன். அவர் விடவில்லை.

மறைக்க வேண்டியதில்லை, இது சாதாரண நோய் கிடையாது. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தின் ஆய்வாளர்கள், 2013-ல் அந்த மாவட்ட மருத்துவமனைகளில் சேர்ந்த 1,205 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். சராசரி வயது 61-தான். ஓராண்டுக்குள் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் இறந்திருந்தார். நாடு முழுவதும் 53 மருத்துவமனைகளில் 10,851 பேரைச் சேர்த்து எடுத்த தேசியப் பதிவேட்டில், 90 நாள்களுக்குள் இறந்தவர்கள் சுமார் 14 சதவிகிதம். டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய முதல் மூன்று மாதம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு இதுவே சாட்சி. அப்பா இரண்டாவது முறை படுத்ததும் அந்தக் காலத்தில்தான்.

அதே ஆய்வுகள் இன்னொன்றும் சொல்கின்றன. பரிந்துரைக்கப்பட்ட மருந்துகள் எல்லாம் கிடைத்தவர்களிடம் இறப்பு குறைவு. ஆனால், திருவனந்தபுரம் ஆய்வில் பம்ப் திறன் குறைந்திருந்தவர்களில் அப்படிப்பட்ட மருந்துகளோடு வீட்டுக்குப் போனவர்கள் நான்கில் ஒருவர்தான். அடுத்த செக்கப்பில், 'நாலு வகை மருந்தும் இவருக்குப் போகுதா? இல்லைன்னா ஏன்?' என்று தைரியமாகக் கேளுங்கள். ஃப்ளூ, நிமோனியா தடுப்பூசிகள் பற்றியும் கேளுங்கள். சிலருக்கு விசேஷ பேஸ்மேக்கர் உதவும். மருந்துக்கு அடங்காத நிலையில் இதய மாற்று அறுவைசிகிச்சை இருக்கிறது. 1994 ஆகஸ்ட் 3-ல் டெல்லி எய்ம்ஸில் டாக்டர் பி.வேணுகோபால் குழு செய்ததுதான் இந்தியாவின் முதல் வெற்றிகரமான இதய மாற்று.

ஆனால், ஓய்வில் இருக்கும்போதே மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, மயக்கம், நுரையோடு இளஞ்சிவப்புச் சளி என்றால் எதையும் யோசிக்க வேண்டாம், நோட்டையும் தேட வேண்டாம். உடனே 108.

அப்பாவிடம் மருத்துவர் எந்தத் தேதியும் சொல்லவில்லை. 'நோட்டை நிறுத்தாம எழுதுங்க' என்றார். இப்போது நான் போனில், 'மாத்திரை போட்டீங்களா?' என்று கேட்பதில்லை. 'இன்னிக்கு எப்படிப்பா இருக்கு?' என்று மட்டும் கேட்கிறேன். மூச்சு வாங்கினால் வாங்குகிறது என்கிறார். முறுக்கு தின்றால் தின்றேன் என்கிறார்.

போன மாதம் ஒரு காலை, '63.5' என்று வந்தது. மூன்று நாளில் இரண்டு கிலோவுக்கு மேல். எனக்குக் கை நடுங்கியது. போனை எடுப்பதற்குள் அடுத்த மெசேஜ் வந்தது.

'ரெண்டு நாளா உங்க அத்தை கொண்டாந்த சீடை. டாக்டர்கிட்ட பேசியாச்சு. மாத்திரையும் போட்டாச்சு. நீ பதறாம வேலைக்குப் போ.'

நான்கு நாள் கழித்து '61.5' வந்தது. கட்டைவிரலை அனுப்பினேன்.